சும்மா தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்

‘இங்கே ஜெபம் கிடையாது. மந்திரம் கிடையாது. மருந்து கிடையாது. செருப்பை வெளியே விடவும்.’

இப்படி ஒரு பலகையை எழுதித் தன் அறைக் கதவில் மாட்டியிருந்தார் அவர். மாட்டிய மறுவாரமே கூட்டம் இரண்டு மடங்கானது. எங்கள் ஊர்க்காரர்களின் புத்தி அப்படி. எனக்கு ஒரு சக்தியும் இல்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், இவ்வளவு அடக்கமாகச் சொல்கிறாரே, நிச்சயம் பெரிய சக்திதான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

அந்த அறைக்கு அடுத்த கடை என்னுடையது. திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்த தொண்ணூறுகள் அவை. என் பூத்துக்குப் போன் பேச வந்தவர்களைவிட வழி கேட்டு வந்தவர்களே அதிகம்.

“ஏம்மா, தலையில கை வச்சு ஜெபம் பண்ற சிஸ்டர் வீடு எது?”

“ஜெபம் பண்ற சிஸ்டர் யாரும் இல்ல. தலை பிடிக்கிற அக்கா இருக்காங்க. அடுத்த கதவு.”

“ஆங், அவுகதான்.”

எத்தனை தடவை திருத்தினாலும் இந்த ‘அவுகதான்’ மாறவில்லை. பூத் போய் அதே இடத்தில் நான் ஜெராக்ஸ் கடை போட்ட பிறகும், செல்போன் ரீசார்ஜ் செய்ய வருகிறவர்கள் அவரைப் பற்றிப் பேசுவார்கள். பாதிப் பேர் அவரைப் புனிதை என்பார்கள். மீதிப் பேர் ஊரை ஏமாற்றிய பொம்பளை என்பார்கள். இரண்டு கட்சியோடும் சண்டை போட்டு எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அவர் புனிதையும் இல்லை, ஏமாற்றுக்காரியும் இல்லை. இந்த ஊரிலேயே தன் கையைப் பற்றிப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். அறை நடுவில் மெத்தை விரித்த ஒரு நீள மேசை. வருகிறவர் அதில் மல்லாந்து படுக்க வேண்டும். இவர் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்காருவார். சுடுதண்ணீர் ஊற்றிய டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கையைச் சூடாக்கிக்கொள்வார். பிறகு படுத்திருப்பவர் தலைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஏந்திக்கொள்வார். அமுக்க மாட்டார், திருப்ப மாட்டார், எண்ணெய் தடவ மாட்டார், நெட்டி முறிக்க மாட்டார். கால் மணி, அரை மணி, அப்படியே இருப்பார். விரல்கள் லேசாக அசைகிற மாதிரி இருக்கும், அசையாத மாதிரியும் இருக்கும். கைக்குழந்தையாக இருந்தால் அம்மா மடியிலேயே விட்டுவிட்டு, இவர் தரையில் மண்டிபோட்டு அதன் தலையை ஏந்துவார்.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்த்த காலத்தில், அங்கே வந்துபோன ஒரு பெண்மணியிடம் இதைக் கற்றுக்கொண்டாராம். ‘கிரேனியல் ஆஸ்டியோபதி’ என்று பெயர் சொன்னார். எங்கள் தெரு அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ‘தலைப்பிடி’ என்று வைத்துக்கொண்டது.

“இதுனால என்னக்கா சரியாகும்?” என்று நான் ஆரம்பத்திலேயே கேட்டேன்.

“தெரியாதும்மா. சில பேரு நல்லா தூங்குறேங்கிறாங்க. சில பேரு ஒண்ணுமே இல்லங்கிறாங்க.”

“தெரியாமத்தான் செய்றீங்களா?”

“இந்த ஊருல பிறந்ததுலேருந்து எல்லாரும் நம்ம தலையைக் குட்டுறாங்க, தட்டுறாங்க, அமுக்குறாங்க, முடியைப் பிடிச்சு இழுக்குறாங்க. ஒருத்தராச்சும் சும்மா பிடிச்சுக்க வேணாமா?”

இதற்குமேல் அவரிடமிருந்து விளக்கம் வாங்க யாராலும் முடிந்ததில்லை. ஒரு குழந்தை டாக்டர் அவரைப் பற்றி யாரிடமோ, “தலையைப் பிடிச்சா நோய் போயிடும்னா நாங்க எதுக்குப் படிச்சோம்?” என்று கேட்டாராம். அதைக் கோபமாகக் கொண்டுவந்து இவரிடம் சேர்த்தேன். “சரியாத்தானே கேட்டிருக்காரு?” என்று சிரித்துவிட்டு, காய்ச்சலோடு வந்த ஒரு பையனை அந்த டாக்டரிடமே அனுப்பி வைத்தார்.

தலையில் கை வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அந்த வருஷங்களில் கத்தோலிக்கத் தெருக்களில் ஜெபக்கூட்டங்கள் பெருகிக் கிடந்தன. முழந்தாளில் இருக்கிறவர் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தால் சீக்கு போகும், பேய் போகும், கடன் போகும். அந்த ஊரில், அதுவும் இருபது வருஷத்துக்கு மேல் கன்னியர் உடுப்புப் போட்டிருந்த ஒருத்தர், தலையில் கை வைத்துவிட்டு, இது ஜெபம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

அவர்களைத் தெளிய வைக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். தலையை ஏந்தியதும் கண்ணை மூட மாட்டார். மூடினால் ஜெபம் என்று நினைத்துக்கொள்வார்களாம். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, “இன்னைக்கு என்ன வெஞ்சனம்?” என்று கேட்பார். அதற்கும் எங்கள் ஜனங்கள் அசரவில்லை. கண்ணை இறுக மூடி, கையை நெஞ்சில் குவித்து, மன்றாட்டுக்குப் பதில் சொல்கிற குரலில், “கத்தரிக்கா, சிஸ்டர்” என்பார்கள்.

சிஸ்டர் என்றால் அவருக்குப் பிடிக்காது. “சிஸ்டரெல்லாம் மடத்தோட போச்சு. அக்கான்னு சொல்லுங்க” என்பார். இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் தெரு ‘சிஸ்டரக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தது.

மடத்தை விட்டு ஏன் வந்தார் என்பதற்கு ஊரில் பல கதைகள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரனை என்று ஆரம்பித்துக் கண்ணடித்து முடிப்பார்கள். நான் நேராகவே கேட்டுவிட்டேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் நின்றிருந்தோம்.

“சண்டை எதுவும் இல்லம்மா. நல்லவங்கதான் எல்லாரும். தினமும் காலையில எந்திரிச்சு நம்புறேன், நம்புறேன்னு வாயால சொல்லணும். சில நாளு நம்பிக்கை வரல. வராத அன்னைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நாளு நிறுத்திட்டேன்.”

“இப்ப நம்பிக்கை இருக்கா?”

“இருக்கிற அன்னைக்குப் பூசைக்கு வாரேன்ல? பாத்ததில்லையா?”

பார்த்திருக்கிறேன். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, யாரும் பக்கத்தில் உட்காராத இடத்தில் இருப்பார். வராத ஞாயிறுகளில் வாசலில் நாற்காலி போட்டு, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி பேப்பர் படிப்பார்.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வந்தால் பூத்தின் கண்ணாடிக் கதவு சாத்துகிற சத்தம்கூட மண்டைக்குள் ஆணி அடிக்கும். ஒரு மத்தியானம் அவர் மேசையில் போய்ப் படுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், தலைவலி போகவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் தலையின் பாரத்தை வேறொருத்தர் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக எதையும் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. எழுந்ததும், “போச்சா?” என்றார். இல்லை என்றேன். “சரி, மாத்திரையைப் போடு” என்றார். அடுத்த வாரமும் போனேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு மூட்டை தூக்கும் அண்ணன் வருவார். வெங்காய மூட்டையைத் தலையிலும் பிடரியிலும் தாங்கித் தாங்கி, கழுத்தே இல்லாத மாதிரி ஆகிவிட்ட மனிதர். முதல் நாள் எழுந்து உட்கார்ந்து சண்டை பிடித்தார்.

“ஏனுங்க அம்மணி, இத்தாத்தண்டி ஒடம்ப வெச்சுட்டுப் படுத்திருக்கறனுங்க. ஒரு அமுக்கு அமுக்கிவுட்டா என்னங்க?”

“அமுக்க ஆளு வேணும்னா வேற எடம் இருக்குண்ணே. நான் பிடிச்சுக்க மட்டுந்தான் செய்வேன். வேணாம்னா போங்க.”

முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். செத்த நேரத்தில் அவர் விட்ட குறட்டை என் பூத்தில் பேசிக்கொண்டிருந்த ஆளை ‘ஹலோ, ஹலோ’ என்று கத்த வைத்தது. அதற்கப்புறம் வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்தார்.

என் இரண்டாவது பிள்ளை ஆயுதம் போட்டுப் பிறந்தவள். தலை சற்று நீளமாக இருந்தது. குளிப்பாட்ட வந்த அம்மாள் தினமும் இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தத் தலையை அமுக்கி உருட்டுவார். அப்படி உருட்டினால்தான் தலை உருண்டையாகும் என்பது எங்கள் வீடுகளில் வேதவாக்கு. பிள்ளை வீல் வீல் என்று கத்துவாள். ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டுச் சிஸ்டரக்கா நேராகக் குளியலறை வாசலுக்கு வந்துவிட்டார்.

“தலை என்ன சப்பாத்தி மாவா? கையை எடுங்க.”

குளிப்பாட்டுகிற அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. காலில் கிடந்த பிள்ளையை விடாமல், “நீ புள்ள பெத்தவளா? எனக்குச் சொல்ல வந்துட்ட?” என்றார்.

இவரோ முகம் மாறாமல் சொன்னார்:

“பெக்கல. அடுத்தவ பிள்ளைன்னு எனக்கு எப்பவும் பயம் இருக்கு. அதான் மெல்லப் பிடிக்கிறேன். உங்களுக்கு அந்தப் பயம் விட்டுப்போச்சு.”

அன்றிலிருந்து என் பிள்ளையின் தலையை யாரும் உருட்டவில்லை. அது தானாகவே உருண்டையானது. நான் பிடிச்சதுனால இல்ல, எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் ஆகும் என்று அவரே என் மாமியாரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்லக்கூட விடாத மனுஷி!

இப்போது அந்த அறையின் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தெருவே அவரை எச்செம் சார் என்று அழைக்கும். நல்லவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சிஸ்டரக்காவுக்கு எங்கள் தெருக்களில் யாரும் வீடு கொடுக்காதபோது இவர்தான் முன்னறையை விட்டார். ஆனால் மொட்டை மாடியில் சனிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடத்துகிறவரும் அவர்தான். கீழே இப்படி ஒரு பலகை தொங்குவது அவருக்கு முள்ளாகக் குத்தியது. ஒரு நாள் என் கடை வாசலில் வைத்தே பேச்சை எடுத்தார்.

“நீங்க செய்யறது நல்ல காரியம் சிஸ்டர். ஆனா பங்குச் சாமியார் கேக்குறாரு, சனங்க கேக்குது. ஆரம்பிக்கிறப்ப நெத்தியில ஒரு சிலுவை. முடிக்கிறப்ப ஒரு அருள் நிறைந்த மரியே. அம்புட்டுதான். நடுவுல நீங்க எப்பவும் போல செய்ங்க.”

“அப்ப சனங்க அதை ஜெபம்னு நினைக்கும் சார்.”

“நினைச்சா என்ன? சிலுவை போடுறது பொய்யா?”

“சிலுவை பொய்யில்ல சார். என் கைதான் பொய்யாயிரும்.”

எச்செம் சார் கிளம்பத் திரும்பினார். “யோசிச்சுச் சொல்லுங்க. எத்தனை நாளைக்கு நான் ஊருக்குப் பதில் சொல்றது? அந்தப் பலகையோட இந்த வீட்டுல இருக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வயதில், தனி ஆளாக, மடத்தை விட்டு வந்தவள் என்ற பேரோடு இன்னொரு வீடு கிடைப்பது லேசா? எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. “ஒரு சிலுவைதானக்கா? போட்டுட்டுப் போங்களேன்” என்றேன். அவர் மறுநாள் பலகையின் எழுத்துகள் மேல் புதிதாகப் பெயிண்ட் அடித்து இன்னும் தடிமனாக்கினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் நத்தம் பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளை வந்தது.

காலை பத்து, பத்தரை இருக்கும். அறை முழுக்க ஆட்கள். வேடசந்தூர் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த இரண்டு பெண்கள் என் கடை வாசல் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு புருஷனும் பெண்சாதியும் துண்டில் சுற்றிய கைக்குழந்தையோடு ஓடி வந்தார்கள். விவசாயக் குடும்பம் என்று பார்த்ததும் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுக்குமேல் இருக்காது.

“உரம் விழுந்துருச்சு தாயி. கழுத்து வெறச்சுக் கிடக்கு. திருப்பினா கத்துறான். சேலையில போட்டு உருட்டிப் பாத்தாச்சு, எடுபடல. நீங்க ஒரு தடவ கை வச்சா போதும்னாக.”

குழந்தைக்குக் கழுத்து பிசகினால் எங்கள் பக்கத்தில் உரம் விழுந்தது என்பார்கள். இரண்டு பேர் சேலையின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை நடுவில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டி அதை எடுப்பார்கள். ஊரில் எல்லாம் செய்துவிட்டு, எடுபடாமல், பஸ் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி இங்கே வந்திருக்கிறார்கள்.

சிஸ்டரக்கா எழுந்து வந்து துண்டை விலக்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பிள்ளையின் உச்சிக்குழி குழியாக இல்லை. புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்து மேலே செருகியிருந்தது.

“பால் குடிக்குதா?”

“நேத்துலேருந்து இல்ல தாயி. காச்சல் கொதிக்குது. காலைல ஒரு தடவ கை காலு வெட்டி வெட்டி இழுத்துச்சு.”

சிஸ்டரக்கா சட்டென்று இரண்டு எட்டு பின்னால் வைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது உரம் இல்ல. மூளைக்காச்சலா இருக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” என் பக்கம் திரும்பி, “காருக்குப் போன் போடும்மா. அந்தக் குழந்தை டாக்டருக்கும் போட்டுச் சொல்லிரு” என்றார்.

நான் ஓடிப்போய் டாக்சி ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேசினேன். திரும்பி வருவதற்குள் அறையில் பெரிய ரகளை. அந்தப் பெண் பிள்ளையை மேசையில் கிடத்திவிட்டுச் சிஸ்டரக்காவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு தடவ கை வையி தாயி. ஒன்ன நம்பித்தான் வந்தோம்.”

“மாட்டேன்.”

சத்தம் கேட்டு எச்செம் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “சிஸ்டர், ஒரு மன ஆறுதலுக்கு. தலையில ஒரு நிமிஷம் கையை வச்சு அனுப்புங்க. அதுல என்ன குறைஞ்சு போச்சு?”

“நான் கை வச்சா இவங்க வீட்டுக்குப் போயிருவாங்க சார்!”

வைக்காவிட்டாலும் போய்விடுவார்கள் போலிருந்தது. அந்தப் புருஷன், “கை வைக்க மாட்டாகன்னா எதுக்குடி நிக்கிற? ஊருல வேற எடத்துல பாப்போம். நத்தம் வண்டிக்கு நேரமாச்சு” என்று பிள்ளையைத் தூக்கத் தயாராக நின்றிருந்தான். சிஸ்டரக்கா வாசலை மறித்துக்கொண்டார். கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான்.

“ஊருக்குப் போனா பிள்ள செத்துப்போகும். காருல ஏறு.”

‘செத்துப்போகும்’ என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண் எழுந்து அவர் முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றுகிற மாதிரி கையை வீசினாள். “பச்சப் புள்ளைய இப்புடிச் சொல்றியே, நீயெல்லாம் பொம்பளையா? ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? நீ நாசமாப் போவ!”

“திட்டு. காருல ஏறித் திட்டு.”

கார் வந்து நின்றது. மில்லுப் பெண்கள் இரண்டு பேரும் அந்தத் தாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். பிள்ளையை நான் தூக்கிக் கொடுத்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. புருஷன் முன்சீட்டில், சிஸ்டரக்கா பின்சீட்டில் ஓரமாக, இரண்டு கையையும் கக்கத்துக்குள் இறுக்கிக்கொண்டு. கார் கிளம்பித் தெருமுனை திரும்புகிற வரையில் அந்தப் பெண்ணின் திட்டு எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் கையை அவர் எவ்வளவு பாடுபட்டு அடக்கினார் என்று எனக்குத்தான் தெரியும். என் பிள்ளை தும்மினாலே தலையை ஏந்த வருகிற கை அது.

குழந்தை டாக்டர் பார்த்த உடனே முதல் ஊசியைப் போட்டு மதுரைக்கு அனுப்பியிருக்கிறார். கூடவே போய், பிள்ளையைச் சேர்த்துவிட்டு, மறுநாள்தான் சிஸ்டரக்கா திரும்பினார். வந்ததும் என் கடை வாசலில் உட்கார்ந்து காபி கேட்டார். மதுரையில் பிள்ளைக்கு வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஒரு காது மட்டும் கேட்காமல் போய்விட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் என் ஊர் என்னத்துக்கு ஆகும்? அவர் கை வைக்காததைக் கண்ணால் பார்த்தவர்கள் அத்தனை பேர். அவர்களே ஊருக்குள் போய்ச் சொன்னது என்ன தெரியுமா? ‘தொடாமலே குணமாக்கிட்டாங்க.’ தொட்டுக் குணமாக்குகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். தொடாமலே என்றால் அது எவ்வளவு பெரிய அருள்! பிள்ளை வீடு திரும்பிய சேதி வந்த சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எச்செம் சாரே எழுந்து சாட்சி சொல்ல ஆரம்பித்தார். தன் வீட்டு முன்னறையில் நடந்த அற்புதம் என்றார். அந்த அறையில் மாதா படம் வைத்து அணையா விளக்கு போடப்போவதாகவும் சொன்னார். மாடி முழுக்கக் கைதட்டல், அல்லேலூயா.

நான் மாமியாரோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாளும் வராத சிஸ்டரக்கா வந்து நின்றார்.

“சார், செத்த நேரம் நான் பேசலாமா?”

எச்செம் சார் பூரித்துப் போய் மைக்கை நீட்டினார். அவர் வாங்கவில்லை. அவர் குரலுக்கு மைக் தேவைப்படவும் இல்லை.

“அந்தப் பிள்ளைக்கு மூளைக்காச்சல். ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. கண்ணு மூடாம நர்ஸம்மாங்க பாத்தாங்க. கை தட்டுறதுன்னா அங்க போய்த் தட்டுங்க. நான் காருல கூடப் போனேன். அம்புட்டுதான். அந்தக் காருக்குப் போன் போட்டதும் நான் இல்ல, பூத்துக்காரம்மா.”

“அது உங்க தாழ்மை சிஸ்டர்...” என்று எச்செம் சார் குறுக்கே புகுந்தார்.

“தாழ்மை இல்ல சார், பயம். நாளைக்கு இன்னொருத்தி இதே மாதிரி ஒரு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, ஆஸ்பத்திரியத் தாண்டி என் கதவுக்கு வருவா. அன்னைக்கு நான் வெளியூருக்குப் போயிருந்தா? வாசல்லயே பிள்ள போயிட்டா? அந்தப் பாவம் யாருக்கு? எனக்கா, அணையா விளக்கு போட்ட உங்களுக்கா?”

நான் எழுந்து கைதட்டினேன். என் ஒருத்தியின் கைதட்டல்தான். மாமியார் என் சேலையைப் பிடித்து இழுத்தார், நான் உட்காரவில்லை. இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்து, தலை ஆட்டியே பழகிய எனக்கு, அன்றைக்கு வந்த தைரியம் அந்த மனுஷியைப் பார்த்து வந்தது.

திங்கட்கிழமை காலையில் எச்செம் சார் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அற்புதம்தான் என்று சிஸ்டரக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே தங்கியிருக்கலாம், நாக்கு அசைந்து ‘ஆமாம்’ என்றிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. வேடசந்தூரில் அந்த மில்லுப் பெண்கள் தாங்கள் குடியிருக்கும் வரிசையிலேயே அவருக்கு ஒரு அறை பார்த்துக் கொடுத்தார்கள். அங்கே பல வருஷம் இருந்தார் என்று கேள்வி. பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் இன்றைக்கே பஸ் ஏறுவேன்.

அவர் கிளம்பிய நாளைச் சொல்லிவிடுகிறேன். டெம்போவில் மேசை ஏறிவிட்டது, மெத்தை ஏறிவிட்டது, பாத்திர மூட்டை ஏறிவிட்டது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எச்செம் சார் கேட்டுக்குள் நின்றார். அப்போது அந்த நத்தத்துப் பெண் இடுப்பில் பிள்ளையும் கையில் ஒரு பை மாங்காயுமாக வந்தாள். டெம்போவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அவள் திட்டிய திட்டு அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும், கிட்டே வரவே இல்லை. பையைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிஸ்டரக்கா இன்னும் ஏற்றாமல் கிடந்த நாற்காலியை நடுத்தெருவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பிள்ளையைக் குடு.”

வாங்கித் தன் மடியில் மல்லாத்திப் படுக்க வைத்தார். இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கினார். அந்த மொட்டைத் தலைக்கு அடியில் கையைக் கொடுத்து ஏந்திக்கொண்டார். பிள்ளை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வாசல்களில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக முக்காடு போட்டார்கள். யாரோ முழந்தாளிட்டார்கள். கேட்டுக்குள் எச்செம் சார் கண்ணை மூடிக் கை குவித்தார்.

“சார், கையை இறக்குங்க. ஏய், எந்திரிங்க எல்லாரும். நான் ஒண்ணும் பண்ணல.”

நத்தத்துப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்து போய்க் கேட்டாள்.

“எதுக்குக்கா பிடிக்கிறீக? மறுபடி ஏதும் சீக்கா? அவன் இப்ப நல்லாத்தான இருக்கான்?”

“நல்லா இருக்கான்ல? அதுக்குத்தான்.”

டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். சிஸ்டரக்கா கையை எடுக்கவில்லை.